ஆதாமும் ஆதிப்பாவமும்: கூர்ப்புக் கொள்கை பற்றிய கத்தோலிக்க நோக்குக் குறித்துச் சில சிந்தனைகள்

சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான முரண்பாடு பற்றிப் பேசும்போதெல்லாம் கத்தோலிக்கத் திருச்சபையைக் கூர்ப்புக் கொள்கையின் பிறவிப் பகையாகக் கொள்வது எமது முற்போக்கு எழுத்துலகில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். கலிலியோவின் விசாரணையை நினைவுகூர்ந்து, அதன் நேர்த் தொடர்ச்சியாக டார்வினையும் நிறுத்திவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். இவ்வெளிமைப்படுத்தல் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. இயங்கியல் நோக்குக்கு உகந்ததும் அன்று. திருச்சபை கூர்ப்பில் எதனை ஏற்றது, எதனை ஏற்கத் தயங்கியது, தயங்கியது ஏன் என்னும் வினாக்களைப் பிரித்து நோக்கும்போதே அதன் கருத்துநிலையின் மையம் புலப்படும். அம்மையம் குரங்கு பற்றியதன்று, ஆதாம் பற்றியது. இதனைத் தெளிவுபடுத்தக் கண்டிச் சூழலும் இலங்கைத் திருச்சபையின் அண்மைக்கால வரலாறும் எமக்கு உதவுகின்றன.

கண்டி நகரின் இரு புறத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இரு நிறுவனங்களை விட்டுச் சென்றுள்ளது. ஒன்று பேராதனைத் தாவரவியற் பூங்கா. மற்றது அம்பிட்டியக் குன்றிலுள்ள குருமடம். பூங்காவின் பொறுப்பில் 1849 முதல் 1880 வரை இருந்த துவெயிற்ஸ், டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். ஜேர்மனியில் டார்வினியத்தின் பெரும் பிரசாரகராக விளங்கிய ஏர்ணஸ்ற் ஹெக்கல் 1881இல் இலங்கைக்கு வந்தபோது இப்பூங்காவைக் கண்டு எழுதினார். அம்பிட்டியக் குருமடமோ 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவினால் நிறுவப்பெற்று இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதேசக் குருமாரை உருவாக்குவது அதன் நோக்கம். 1955இல் அது பூனாவுக்கு மாற்றப்பட்டபின் அவ்வளவிலேயே இலங்கையின் தேசிய குருமடம் இயங்கலாயிற்று. ஒன்றை விஞ்ஞானத்தின் இல்லமாகவும் மற்றொன்றைச் சமயத்தின் இல்லமாகவும் பிரித்துவிடுவது எளிது. ஆயின் இரண்டும் ஒரே குடியேற்ற அமைப்பினுள் எழுந்தவை என்பது மறக்கற்பாலதன்று. முன்னது பெருந்தோட்டத்துக்குப் பயிர்களை ஆராய்ந்தது. பின்னது மந்தைக்கு மேய்ப்பரைப் பயிற்றியது.

குருமடம் தோன்றிய அதே 1893ஆம் ஆண்டின் நவம்பரில் லியோ விவிலிய ஆய்வு பற்றிய சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். புலப்படும் உலகின் உள்ளியல்பைக் கற்பிப்பது விவிலிய ஆசிரியர்களின் நோக்கமன்று என்பது அதிற் கூறப்பட்ட முக்கிய கருத்தாகும். ஆதியாகமத்தை இயற்கை விஞ்ஞானப் பாடநூலாக வாசிக்கும் கட்டாயத்திலிருந்து கத்தோலிக்க அறிஞரை விடுவிக்கக்கூடிய கருத்து இது. எனினும் 1909இல் விவிலிய ஆணைக்குழு, மனிதனின் தனிப் படைப்பையும் மனித குலத்தின் ஒருமையையும் ஐயுறலாகாது என விடையிறுத்தது. ஒரு கதவு திறக்கப்பட, அதனுள்ளே இன்னொரு கதவு பூட்டப்பட்டது. பின்வந்த நூறாண்டு வரலாறு அவ்வுட்கதவின் வரலாறே.

1990களில் ஐக்கிய அமெரிக்காவிற் பரவிய 'அறிவார்ந்த வடிவமைப்பு' வாதத்தைக் கத்தோலிக்க நிலைப்பாடாகக் கொள்வோர் எம்மிடையே உளர். உயிர்க்கலத்தின் சில அமைப்புகள் படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என 1996இல் வாதிட்ட மைக்கேல் பீஹி கத்தோலிக்கர் என்பது உண்மை. ஆனால் 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கிலே அவ்வாதத்துக்கு எதிராகச் சாட்சியமளித்த உயிரியலாளர் கெனத் மில்லரும் கத்தோலிக்கரே. அவ்வாண்டில் கர்தினால் ஷொன்போர்ன் நியோடார்வினியத்தைத் தாக்கி எழுதியபோது, அவருக்கு மறுப்பெழுதியவர் வத்திக்கான் வானாய்வகப் பணிப்பாளரான இயேசு சபைக் குரு ஜோர்ஜ் கொய்ன். குருமடங்களின் மெய்யியற் கல்விக்கு அடிப்படையாயிருந்த தோமஸ் அக்குவைனாஸின் கோட்பாட்டின்படி, கடவுள் இயற்கைக் காரணிகளின் வரிசையில் இன்னொரு காரணியல்லர். அக்காரணிகள் யாவும் இயங்குவதற்கான முதற் காரணர். விஞ்ஞானம் விளக்காத இடைவெளிகளிற் புகுந்து திருத்தவேலை செய்யும் வடிவமைப்பாளன் இம்மரபுக்கு அந்நியன்.

வடிவமைப்பு வாதத்துக்கு மலைநாடே ஒரு மறுமொழி தருகிறது. சீராக வெட்டப்பட்ட தேயிலைச் சரிவுகளை நோக்கும் பயணி அங்கு ஓர் ஒழுங்கைக் கண்டு வியக்கலாம். அவ்வொழுங்கு இயற்கையினதன்று, மூலதனத்தினது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியபோது, மலைமலையாக ஒரே பயிரை நட்ட அமைப்பு இரு தசாப்தங்களுக்குள் நிலைகுலைந்தது. அவ்விடத்துக்குத் தேயிலை வந்தது. இங்கு 'வடிவமைத்தவர் யார்' என்பது இறையியல் வினாவன்று. உழைப்பையும் உடைமையையும் பற்றிய வினா.

இனி மையப் பிரச்சினைக்கு வருவோம். 1950 ஓகஸ்ட்டில் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதனை ஆராய்வதற்கு இடமளித்தது. ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பது மாத்திரம் நிபந்தனை. ஆனால் மனித குலம் பல மூதாதையரிலிருந்து தோன்றியது என்னும் கொள்கைக்கு அவ்விடம் வழங்கப்படவில்லை. கூறப்பட்ட காரணம் உயிரியல் சார்ந்ததன்று. ஒரே ஆதாம் செய்த பாவம் பிறப்பின் வழியே அனைவரிலும் தொடர்கிறது என்னும் ஆதிப்பாவக் கோட்பாட்டோடு அக்கொள்கையை இணக்கும் வழி புலப்படவில்லை என்பதே காரணம். இலக்கிய மாணவர் இவ்வாக்கிய அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 'பொய்' என்று அது கூறவில்லை. 'வழி புலப்படவில்லை' என்கிறது. மூடிய கதவின் திறவுகோலைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் மொழி அது. பிற்காலக் குடித்தொகை மரபியலோ, எமது மூதாதையர் தொகை எக்காலத்திலும் ஒரு தம்பதியளவுக்குச் சுருங்கியதில்லை என்றும் அது ஆயிரக்கணக்கிலேயே இருந்தது என்றும் காட்டுகிறது.

1996 ஒக்டோபர் 22இல் இரண்டாம் ஜோன் போல், பாப்பரசர் விஞ்ஞானக் கழகத்துக்கு விடுத்த செய்தியில், கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என ஒப்புக்கொண்டார். உலகப் பத்திரிகைகள் அதனை வரவேற்றன. அதன்பின் 72ஆம் நாள், 1997 ஜனவரி 2ஆம் திகதியிட்ட அறிவித்தலின் மூலம், கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இலங்கைக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகளாரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அவர் 1990இல் வெளியிட்ட 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற பொருள்படும் ஆங்கில நூலே காரணம். இலங்கை ஆயர் மன்றம் 1994இலேயே அதனைக் கண்டித்திருந்தது. பாப்பரசரின் அதிகாரம், மரியாள் பற்றிய கோட்பாடுகள் முதலியன குறித்தும் குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆயினும் அவற்றுள் முதன்மையான ஒன்று ஆதிப்பாவ மறுப்பாகும். 1998 ஜனவரியில் விலக்கு நீக்கப்பட்டது. அடிகளார் 2013இற் காலமானார்.

உடலின் கூர்ப்பை ஏற்ற நிறுவனம் ஆதிப்பாவத்தை ஐயுற்றவரை ஏன் ஏற்கவில்லை? ஆதிப்பாவம் இன்றேல் ஞானஸ்நானத்தின் அவசியமும், அதனை வழங்கும் நிறுவனத்தின் இன்றியமையாமையும், மரியாளின் அமலோற்பவமும் மறுவிளக்கம் வேண்டி நிற்கும். உயிரியலை விட்டுக்கொடுப்பதால் அதிகாரம் குறைவதில்லை. இதனை விட்டுக்கொடுத்தாற் குறையும். பாலசூரியவின் நூலின் பலம் இத்தொடர்பை ஆசிய வரலாற்றினுள் வைத்துப் பார்த்தமையே. ஞானஸ்நானம் பெறாத ஆசிய மக்கள் அனைவரும் தலைமுறை தலைமுறையாக அருளிழந்தோர் என்னும் முடிவு யாருக்குப் பயன்பட்டது என அவர் வினவினார். வலியோரைத் தாழ்த்தி எளியோரை உயர்த்தும் பாடலைப் பாடிய மரியாள், பணிவின் சிலையாக எவ்வாறு மாற்றப்பட்டாள் எனவும் வினவினார்.

அவ்விமர்சனத்தை ஒரு படி முன்னெடுத்துச் செல்லுதல் அவசியம். பிறவிக்கு முந்திய குற்றமொன்றினால் இன்றைய நிலையை விளக்கும் கருத்துநிலை மேலைத்தேயத்துக்கு மாத்திரம் உரியதன்று. 'முன்வினை', 'தலைவிதி' என்னும் எமது சொற்களும் அப்பணியையே செய்துவந்துள்ளன. மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் இந்துக்கள். ஆதாமை அறியாமலே அவர்கள் பரம்பரைச் சுமையொன்றைச் சுமந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அச்சுமையைச் சட்டமொழியில் எழுதியது. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இங்கு பிறந்தமைக்குச் சான்று காட்ட இயலாதவன் நாடற்றவனானான். பிறப்பே குற்றமாயிற்று, எஞ்சியோருக்கு அக்கறை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 'ஏதேன் தோட்டம்' எனத் தமிழில் வாசிக்கும்போது 'தோட்டம்' என்னும் சொல் லயத்தில் வாழ்பவனுக்கு இன்பவனத்தை மாத்திரமா உணர்த்தும்?

இச்சூழலிலேயே 1972இற் கண்டியில் ஆயர் லியோ நாணயக்காரவின் ஆதரவோடு இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதய நிலையத்தை மதிப்பிடுதல் வேண்டும். சிங்களவரும் தமிழரும் இணைந்து தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்த களம் அது. பாவத்தைத் தனிமனிதனின் பிறவியிலன்றிச் சமூகத்தின் அமைப்பிலே தேடிய குருமார் இங்கு இருந்தனர் என்பதற்கு அது சான்று. அவர்கள் பொருள்முதல்வாதிகள் அல்லர். ஆயினும் அவர்களையும் அமெரிக்கப் படைப்புவாதிகளையும் ஒரே கூடையில் இடுவது விமர்சனமாகாது.

எமது தரப்புக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இலங்கைப் பாடநூல்கள் கையாளும் 'கூர்ப்பு' என்னும் சொல்லுக்கு, உள்ளதொன்று மிகுந்து சிறப்புறுதல் என்ற பொருளைத் தொல்காப்பிய உரியியல் தருகிறது. படைப்போனை வேண்டாத சொல்லாதலின் அது பொருத்தமானதே. எனினும் 'சிறத்தல்' என்னும் பொருட்சாயல், முன்னரே குறிக்கப்பட்ட இலக்கு நோக்கி இயற்கை ஏறுகிறது என்ற மயக்கத்தையும் தரவல்லது. இயற்கைத் தேர்வுக்கு அத்தகைய இலக்கில்லை. வரலாறும் தானாகவே எமக்காக முன்னேறுவதில்லை. குரங்கு மனிதனாகிய நிலைமாற்றத்தில் உழைப்பின் பங்கை ஏங்கெல்ஸ் 1876இல் ஆராய்ந்தமையின் முக்கியத்துவம் இதுவே: அவர் விதியைத் தேடவில்லை, கையையும் கருவியையும் கூட்டுவாழ்வையும் நோக்கினார். வடிவமைப்பாளனை வானத்திலிருந்து அகற்றிவிட்டு, அவனை வரலாற்றின் இறுதியிலே அமர்த்துவோமாயின், எமது விமர்சனமும் இறையியலாகவே முடியும்.