உயிரின் சுதந்தரமும் பிறரைத் தீர்ப்பிடலும்

தீவினைக்கு உயிர் பொறுப்பாதல் எங்ஙனம் என்னும் வினா கிறித்தவ சமயத்துள்ளும் பெரிதும் ஆராயப்பட்டது. 1524-ஆம் ஆண்டில் எராசுமசு என்னும் அறிஞர், மக்கட்கு விருப்பச் சுதந்தரம் உண்டென நிறுவி ஒரு நூல் செய்தார். 1525-இல் மார்ட்டின் லூதர் அதனை மறுத்து, வீடுபேற்றின்கண் மக்கள் விருப்பம் அடிமைப்பட்டதே என நூல் யாத்தார்.

செய்யும் ஆற்றல் இல்வழி விதியும் விலக்கும் பயனிலவாம் என்பது எராசுமசின் துணிபு. லூதரோ, கட்டளை உயிரின் இயலாமையை அதற்கு உணர்த்துதற்கே எழுந்தது என்றும், விருப்பம் கடவுளாதல் சாத்தானாதல் ஏறி நடாத்தும் விலங்கு போல்வது என்றும் கூறினார்.

அருளின்றி உயிர் தானே உய்யாது என்னும் அளவில் லூதர் கூற்றுச் சித்தாந்தத்தோடு ஒக்கும். ஆயினும், விலங்கு செல்வழிக்கு ஊர்பவனே காரணனாகலின் குற்றம் விலங்கினைச் சாராது. உயிர் விரும்பியே பாவஞ் செய்கின்றது என்பர் அவர். அவ்விருப்பமே பிறன் வயத்ததாயின் அவ்விடை நிரம்பாது. எராசுமசு காட்டிய, தந்தை கைதாங்க நடக்கும் குழவி உவமை சிறப்புடைத்து. எனினும், அக்குழவி தளர்ந்தமைக்கு ஆதாமின் வீழ்ச்சி காரணமாகாது. ஒருவன் பிழை ஏனையோர்மேல் ஏறுதல் முறையன்று. உயிர்க்குரிய இச்சா ஞானக் கிரியைகளை ஆணவம் அநாதியே மறைத்தது. ஞாயிற்றின் ஒளியாற் கண் காணுமாறுபோல, அருள் விளக்க அவை விளங்கும். காண்பது கண்ணேயாகலின் பொறுப்பும் உயிரினதே என்க.

பிறரைத் தீர்ப்பிடற்க என்பது இயேசுநாதர் போதனை. அது சைவர்க்கும் உடன்பாடே. ஒருவரது மலவலியும் பக்குவமும் இறைவனே அறிவன். துயருற்றாரைக் கண்டு, அவர் வினை அது என்று வாளா செல்வாரும் தீர்ப்பிட்டாரே ஆவர். வினைக்கொள்கை தன் பிழையைத் தான் உணர்தற்கு உரியது. பிறர் துயர் கண்டுழி இரங்கி உதவுதலே சைவர் கடனாம்.