அவனுக்குக் கோலம், அவளுக்குப் பைத்தியம்

இரண்டு பழைய படங்களின் பெயர்களைச் சொல்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, 1979-ல் வந்த பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்'. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மூன்று பையன்கள். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வயசு. ஊருக்குப் புதிதாக ஒரு டீச்சர் வருகிறார். பையனுக்கு டீச்சர் மேல் சொல்லத் தெரியாத ஒரு மயக்கம். அவ்வளவுதான் கதை.

இன்னொன்று, 1975-ல் வந்த 'சினிமா பைத்தியம்'. இந்தியில் ஹ்ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'குட்டி'யின் தமிழ் வடிவம். ஜெயசித்ரா பள்ளி மாணவி. அவளுக்கு நடிகர் ஜெய்சங்கர் மேல் அதே மாதிரி மயக்கம். ஜெய்சங்கராக ஜெய்சங்கரே வருவார்.

வயசு ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். ஆனால் பையனுக்கு வந்தால் அது கோலம், அழியாதது. பெண்ணுக்கு வந்தால் பைத்தியம்! பைத்தியம் என்றால் வைத்தியம் பார்க்க வேண்டுமே... பார்க்கிறார்கள். பெரியவர்களும் நடிகரும் கூட்டுச் சேர்ந்து, சினிமா என்பது வெறும் அட்டையும் சாயமும் என்று அவளுக்குக் காட்டி, காய்ச்சலை இறக்கி, நல்ல பையன் ஒருவனைக் கண்ணில் காட்டுகிறார்கள். நல்ல படம்தான், சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் 'அழியாத கோலங்கள்' பையனை யாராவது இப்படி உட்காரவைத்துக் குணப்படுத்தினார்களா? மாட்டார்கள். அவன் பெரியவனாகி, கமல்ஹாசனாகி, அதையெல்லாம் பெருமூச்சோடு நினைத்துப் பார்ப்பான். நாமும் கூடவே பெருமூச்சு விடுவோம்.

பாலுமகேந்திராவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தமிழில் விடலைப் பருவத்தைத் திட்டாமல், உபதேசிக்காமல், ஆற்றங்கரை வெயிலோடு காட்டிய முதல் சில படங்களில் அது ஒன்று. பையன்களின் ஆர்வத்தை அசிங்கம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

உறுத்துவது வேறு ஒன்று. அந்த டீச்சராக நடித்த ஷோபா 1962-ல் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு வயது 17. அதாவது, அந்தப் பையன்களுக்கு அக்காவாக இருக்கவேண்டியவர்! புடவை கட்டி, கையில் புத்தகம் கொடுத்துப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டோம். அடுத்த வருஷம் மே மாதம் அவர் இறந்தபோதும் அதே 17 வயதுதான். படத்தில் பையன்களுக்கு ஒரு பருவம் இருந்தது. நடித்த பெண்ணுக்கு அது இல்லை.

இன்னொரு கணக்கு. ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட்டில். 1976-ல் பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' வந்தபோது அவருக்கு 13 வயது. அதில் அவர் யார்? வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகி, ரஜினிக்குச் சித்தியாகிறார். மகனாக நடித்த ரஜினிக்கு 25! தியேட்டரில் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது, என்ன செய்ய?

மறு வருஷம் '16 வயதினிலே'. பதினாறு வயதுப் பெண்ணாகப் பதினான்கு வயதுப் பெண். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பாரதிராஜா அந்த மயிலுக்கு நிஜமாகவே ஆசைகளைக் கொடுத்தார். படித்து டீச்சராக வேண்டும், கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை வேண்டும். ஊஞ்சல், ஸ்லோமோஷன் எல்லாம் அவளுக்காகத்தான். தமிழ் சினிமாவில் ஒரு கிராமத்துப் பெண்ணின் கனவுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியது அபூர்வம். பிறகு? கால்நடை டாக்டர் வருகிறார். அவருக்காக டீச்சராகும் வாய்ப்பையும் விடுகிறாள். அவர் போய்விடுகிறார், அம்மா செத்துப்போகிறாள், ஊர் சிரிக்கிறது. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனில் சப்பாணிக்காகக் காத்திருக்கிறாள். ஆசைப்பட்டதற்கு வட்டியும் முதலுமாக வசூல்.

சடங்குப் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். பச்சை ஓலையில் குச்சு கட்டி உள்ளே உட்கார வைப்பார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவருவார். குலவைச் சத்தம், தட்டு வரிசை. பாட்டு முடிந்தால் தாவணியில் வந்து நிற்பாள், கதாநாயகன் பார்ப்பான். கேமரா கடைசி வரை ஓலைக்கு வெளியேதான் நிற்கும். உள்ளே இருக்கிறவளுக்கு வயிற்று வலியா, பயமா, பெருமையா, பசியா... ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை.

2004-ல் 'ஆட்டோகிராப்'. சேரன் தன் பழைய காதலிகளுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனார். தமிழ்நாடே கண்ணீர் விட்டது. அதே வேலையை ஒரு பெண் செய்தால் என்னாகும் என்று அப்போதே டீக்கடையில் கிண்டலாகப் பேசிக்கொண்டார்கள். 21 வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்'. ரம்யா என்ற பெண்ணின் பள்ளி நாள் தொடங்கி முப்பதுகள் வரை, அவளுடைய காதல்கள், ஏமாற்றங்கள். 2025 ஜனவரியில் டீஸர் வந்ததுமே ரகளை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. சிறுவர்களைத் தவறாகக் காட்டுகிறது என்ற புகாரில், டீஸரை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி ஜூலையில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படம் செப்டம்பரில் வந்துவிட்டது.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற கவலையை நான் கேலி செய்யவில்லை. 13 வயது ஸ்ரீதேவியை நினைத்தால் அந்தக் கவலை ரொம்ப லேட்டாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பாருங்கள், ஸ்கூல் பையன் பெண்களைத் துரத்துகிற படங்கள் வருஷத்துக்கு எத்தனை வந்தன? அப்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த கவலை, ஒரு ஸ்கூல் பெண் தன் ஆசையைத் தானே சொன்னதும் எப்படிச் சட்டென்று எழுந்து உட்கார்ந்தது? 'பேட் கேர்ள்' எனக்கு முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பல இடங்களில் பேசிப் புரியவைக்கப் பார்க்கிறது. ஆனாலும் அது ஓலைக்கு உள்ளேயிருந்து பேசுகிறது.

இன்னும் அமைதியாக அதைச் செய்த படம் ஷுச்சி தலாத்தியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' (2024). மலையூரில் ஒரு போர்டிங் ஸ்கூல். மீரா முதல் மார்க் வாங்குகிறவள், மாணவர் தலைவி. ஒரு பையனைப் பிடித்துப் போகிறது. பரீட்சைக்குத் தயாராகிற மாதிரியே இதற்கும் தயாராகிறாள். தன் கையையே முத்தமிட்டுப் பழகிப் பார்க்கிறாள்! சிரிப்பு வருகிறது, ஆனால் அவளைப் பார்த்து இல்லை. நாம் எல்லோரும் ஏதோ ஒரு கண்ணாடி முன்னால் செய்த கோமாளித்தனங்களை நினைத்துத்தான்.

படத்தின் நிஜமான விஷயம் அவளுடைய அம்மா. கனி குஸ்ருதி நடித்திருக்கிறார். பையன் வீட்டுக்கு வரட்டும், என் கண் முன்னாலேயே பழகுங்கள் என்கிற அம்மா. டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பையன் தன்னோடு பேசுகிற நாலு வார்த்தையில் அவளே கொஞ்சம் மலர்ந்துவிடுகிறாள். மகளுக்கு எரிச்சல், பொறாமை. அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு அந்த வயசு வராமலே போயிருக்கிறது, அவ்வளவுதான். குட்டிப் பெண்ணாக இருந்தவளை யாரோ நேராக மனைவி ஆக்கிவிட்டார்கள், ஸ்ரீதேவியைச் சித்தி ஆக்கின மாதிரி.

உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பாருங்கள். நடுவில் ரெண்டு மூணு இடத்தில் நெளிவீர்கள், அவர் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போவார். போகட்டும், திரும்பி வருவார். 1977-ல் பாவாடை தாவணியில் போய் மயிலைப் பார்த்தவராக இருந்தால், படம் முடிந்த பிறகு, தானும் டீச்சர் டிரெயினிங் போவதாக இருந்த கதையைச் சொன்னாலும் சொல்லுவார்.