ஆதிமூலத்தின் கறுப்பு மை

காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் கே.எம். ஆதிமூலம் பேனாவும் கறுப்பு மையுமாக ஏறக்குறைய நூறு காந்திகளை வரைந்தார். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்குக் காந்தி என்றால் பொக்கைவாய்ச் சிரிப்புதான். இவர் காட்டுகிற காந்தி வேறு ஆள். கோடுகள் கதம்பை நாரைப் பிய்த்துப் போட்டதுபோலச் சிலும்பி நிற்கும். தள்ளி நின்றால் முகம் திரண்டு வரும்.

ஓவியம் படிக்கிற என் மருமகள் அந்தப் படங்களில் ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, “மாமா, கன்னத்துக்குக் கோடே போடல்லே, ஆனா கன்னம் இருக்கு, பாத்தியளா?” என்றாள். சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள். நிழலில் கோட்டின்மேல் கோடாக அடர்த்தி ஏற்றிவிட்டு, வெளிச்சத்தை வெறும் தாளிடம் விட்டுவிடுகிறார். பென்சிலென்றால் அழித்துக்கொள்ளலாம். மையில் அந்தச் சலுகை கிடையாது. பிசகிய கோட்டையும் முகச்சுருக்கமாக்கிக் கூட்டிப்போக வேண்டியதுதான்.

ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்ததும் இதே கைதான். வண்ணத்திலும் பெரிய பெயர் வாங்கியவர். எனக்கென்னவோ, கறுப்புதான் ஒரு படி மேலே. மருமகள் இப்போது தொட்டெழுதும் பேனாவும் மைக்கறை விரல்களுமாகத் திரிகிறாள். முதலில் மாட்டிக்கொண்டது என் மூக்கு.