கூடிப் பேசியதன் கணக்கு

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்து மலையூர்களில் 2001 வாக்கில் ஒரு புது வேலை முளைத்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பெண் ஒருத்தி மாதம் ஒருமுறை மற்ற பெண்களைக் கூட்டி, பட அட்டைகளைக் காட்டிப் பேச வைக்க வேண்டும். பிறந்த பிள்ளை ஏன் தங்கவில்லை, அடுத்த பேற்றில் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. இதைப் பயிற்சி என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவள் கேள்வி கேட்டாள், விடையை அவர்கள் தேடினார்கள். சில குழுக்கள் அவசரத்துக்குப் பொதுப்பணம் சேர்த்தன. சில, தாயைத் தூக்கிச் செல்லத் தூக்குப்படுக்கை செய்துவைத்தன. வேறு சில, சுத்தமான பிரசவத்துக்கு வேண்டிய பொருள்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தன. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் கணக்கு வந்தது: குழுக்கள் இருந்த ஊர்களில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26, இல்லாத ஊர்களில் 37.

ஜார்க்கண்ட், ஒடிசாவின் ஆதிவாசி ஊர்களில் ஏக்ஜுட் அமைப்பு இதே வழியில் போனது. அங்கும் பச்சிளங்குழந்தைச் சாவு 32 சதவீதம் குறைந்தது.

வங்கதேசத்தில் இடறியது. முறை அதேதான், ஆனால் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு, பலன் தெரியவில்லை. பிறகு 309 பேருக்கு ஒன்று என்று நெருக்கமாக்கியதும் சாவு 38 சதவீதம் குறைந்தது. பெண் சொன்னால் பெண் கேட்பாள் என்ற நம்பிக்கையைவிட, கர்ப்பிணிகளில் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதே முக்கியம் என்று இதிலிருந்து தோன்றுகிறது. திட்டத்தை மாநிலம் முழுக்கப் பரப்பும் அவசரத்தில் முதலில் நீர்த்துப்போவதும் இந்த நெருக்கம்தான். பத்து ஊரைச் சுமப்பவள் தண்டோரா போடலாம். உட்கார்ந்து பேச அவளுக்கு நேரமேது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூக்குப்படுக்கையை ஊர் செய்துவிடும். சாலையையும் மருத்துவரையும் குழுவால் செய்ய முடியாது. பெண்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற பாராட்டு, அரசு கைகழுவ நல்ல சாக்காகிவிடும்.

பிறகு கூலி. நேபாளத்தில் 1988 முதல் இயங்கும் பெண் சுகாதாரத் தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்தியாவில் 2005-இல் வந்த ஆஷாக்கள் எனும் ஊர்ச் சுகாதாரப் பெண்களுக்குப் பெரும்பாலும் வேலைக்கேற்ற ஊக்கத்தொகைதான். இந்த ஆஷாக்களே குழுக்களை நடத்தியபோதும் சாவு 31 சதவீதம் குறைந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. முறை வென்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தடுப்பூசி, பிரசவம், வீடுவீடாகக் கணக்கெடுப்பு என்று அலைகிறவள் தலையில் இன்னொரு கூட்டமும் ஏறியது. ஏட்டில் அவள் பெயருக்கு எதிரே இன்னும் ‘தன்னார்வலர்’ என்றே இருக்கிறது.