யாராவது இருக்கீங்களா?

2005 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் பெரிய ஜாஸ் குழுக்களுக்கான ஆல்பம் விருது 'கான்சர்ட் இன் த கார்டன்' என்ற ஆல்பத்துக்குப் போனது. எந்த இசைத்தட்டுக் கடையிலும் கிடைக்காத ஆல்பம் அது. அதன் பின்னால் வழக்கமான இசை நிறுவனம் எதுவும் இல்லை. இசையை எழுதி, குழுவை நடத்திய மரியா ஷ்னைடர், 'ஆர்ட்டிஸ்ட்ஷேர்' என்ற இணையதளத்தின் வழியாக ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிப் பதிவுசெய்தார், அங்கேயே விற்றார். இணையத்தில் மட்டும் விற்ற ஓர் ஆல்பம் கிராமி வாங்கியது அதுதான் முதல் தடவை.

பதினைந்து வருடம் கழித்து, 2020 ஜூலையில், அதே ஷ்னைடர் அதே ஆர்ட்டிஸ்ட்ஷேர் வழியாக 'டேட்டா லார்ட்ஸ்' என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டார். முதல் தட்டுக்கு 'டிஜிட்டல் உலகம்' என்று பெயர். அது முழுக்க இணையத்தின் மேல் கோபம். அதில் ஒரு படைப்புக்குத் தலைப்பே 'டோன்ட் பி ஈவில்', கூகுள் ஒரு காலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட தாரக மந்திரம். இரண்டாவது தட்டு 'நமது இயற்கை உலகம்': பறவை, கல், தோட்டம், வெயில்.

இணையத்தால் முதலில் விடுதலை அடைந்தவர்களில் ஒருவருக்கு இணையத்தின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? இதற்கு ஆல்பத்துக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில், ஷ்னைடர் தன் ஆல்பத்துக்குப் போட்டிருக்கும் சட்டகத்தைவிடப் பெரியது என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. ஷ்னைடரின் இசைக்குழுவில் 18 பேர். ஒரு பாடகர் கிதாரோடு படுக்கையறையில் உட்கார்ந்து பதிவுசெய்வது போன்ற காரியம் இல்லை இது. ஒத்திகை, ஸ்டுடியோ வாடகை, 18 பேருக்கான சம்பளம் என்று முதல் சுரம் ஒலிப்பதற்கு முன்பே பெரும் செலவு. கில் எவன்ஸிடம் உதவியாளராக இருந்து, பாப் புரூக்மேயரிடம் படித்து வந்த ஷ்னைடர், 1994 முதல் 2000 வரை மூன்று ஆல்பங்களை 'என்யா' என்ற ஜெர்மன் ஜாஸ் நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் இத்தனை பேரை வைத்துச் செய்யும் இசைக்கு நிறுவன ஒப்பந்தம் என்பது, புகழ் உனக்கு, மிச்சம் எனக்கு என்கிற ஏற்பாடுதான்.

இசைக் கலைஞரும் நிரலாளருமான பிரையன் கமேலியோ தொடங்கிய ஆர்ட்டிஸ்ட்ஷேர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது. ரசிகர் காசு கொடுப்பது முடிந்த தட்டுக்கு மட்டும் இல்லை. அது உருவாவதைக் கூடவே இருந்து பார்ப்பதற்கும்தான். எழுதும்போதே குறிப்புகள் வரும், இசைப்பிரதி வரும், ஒத்திகைக் காட்சி வரும். அதிகம் கொடுத்தவர் பெயர் ஆல்பத்தில் இடம்பெறும். சிற்றிதழுக்கு ஆயுள் சந்தா கட்டிப் பழகிய வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நாம் கட்டுவது அடுத்த இதழின் விலை அல்ல, அந்த மனிதர் தொடர்ந்து இயங்குவதற்கான விலை.

நேரடி வெளியீடு என்றதும் பலருக்கும் ரேடியோஹெட்தான் நினைவுக்கு வரும். 2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் தளத்தில் போட்டு, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கொடு, கொடுக்காமலும் போ. அழகான சைகை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலிக் கட்டத்துக்கு உலகமே திரும்பிப் பார்த்ததற்கு, அதற்கு முன் இஎம்ஐ நிறுவனம் பல வருடம் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்ததும் ஒரு காரணம். சில வாரங்களில் தரவிறக்கத்தை நிறுத்திவிட்டு, அதே ஆல்பத்தைத் தனி நிறுவனங்கள் மூலம் கடைக்கும் கொண்டுபோனார்கள். 'இன் ரெயின்போஸ்' கேட்ட கேள்வி, முடிந்த இசைக்கு என்ன விலை என்பது. ஷ்னைடர் அதற்குச் சில வருடங்கள் முன்பே வேறொன்றைக் கேட்டுவிட்டார்: இன்னும் இல்லாத இசைக்கு யார் பொறுப்பு? எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். பயனர் எங்கே நின்றார், எங்கே தாண்டிப் போனார், எத்தனை விநாடி தங்கினார் என்று பதிவுசெய்யும் நிரல்கள் என் துறையின் சோறு. 'டேட்டா லார்ட்ஸ்' முதல் தட்டைக் கேட்பது, நம்ம ஆபீஸைப் பற்றி யாரோ நமக்குத் தெரியாமல் எழுதிய நாடகத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. வில்லன் வேடத்தில் வருகிறவனின் சட்டையை எங்கேயோ பார்த்த ஞாபகம் வரும்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு விநாடியும் கணக்கில் சேராது. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1000 கேட்பு வராத பாடலுக்கு அதுவும் இல்லை. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கான பாடல்களை எண்ண ஏதாவது ஓர் அலகு வேண்டும், வைத்தார்கள். ஆனால் அலகு என்பது அளப்பதோடு நிற்காது, செய்யப்படும் பொருளையும் மாற்றும். முதல் 30 விநாடிக்குள் வந்துவிடு என்று அது இசையிடம் சொல்கிறது. ஷ்னைடரின் படைப்புகள் சர்வசாதாரணமாக எட்டு, பத்து நிமிடம் போகும். 'எ வேர்ல்ட் லாஸ்ட்' முதல் 30 விநாடியில் எதையும் தந்துவிடாது. மெதுவாக, கனமாக ஒரு நிழல் மட்டும் நகரும். பென் மோண்டரின் கிதார் தரையடியில் முனகத் தொடங்கி, ரிச் பெர்ரியின் டெனர் சாக்ஸஃபோன் அதன் மேல் ஏறும்போதுதான் இழந்தது எதை என்றே புரியத் தொடங்கும். பொறுமை இங்கே அலங்காரம் கிடையாது, அதுதான் பொருள். 30 விநாடி அலகில் இந்த இசைக்கு இடமே இல்லை. ஆர்ட்டிஸ்ட்ஷேரில் இருந்தது, ஏனென்றால் அங்கே காசு கட்டியவர் ஏற்கெனவே காத்திருக்கச் சம்மதித்தவர்.

முதல் தட்டின் கறுப்புக்கு டேவிட் போவியும் ஒரு காரணம். 2014இல் 'சூ' என்ற பாடலில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அதுவரை ஷ்னைடரின் இசை பெரும்பாலும் வெளிச்சமான இசை. மின்னசோட்டாவின் சிற்றூரில் வளர்ந்தவரின் வயல்வெளியும் வானமும் அதில் வந்துகொண்டே இருக்கும். அந்த இருண்ட பாடலுக்குப் பிறகு அவருக்குள் வேறொரு கதவு திறந்துவிட்டது. 'டோன்ட் பி ஈவில்' கேலியாக, கொஞ்சம் அணிவகுப்பு போல, சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டுகிறது. தலைப்புப் படைப்பான 'டேட்டா லார்ட்ஸ்'இல் மைக் ராட்ரிகஸின் டிரம்பெட்டும் டேவ் பியெட்ரோவின் ஆல்டோ சாக்ஸஃபோனும் இசைக்குழுவின் பாரத்துக்கு எதிராகப் போராடுகின்றன. இந்தக் கோபம் வெறும் பாவனை இல்லை. தன் இசை அனுமதியின்றி மீண்டும் மீண்டும் பதிவேற்றப்படுவதைப் பற்றி 2014இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னவர். ஆல்பம் வெளிவந்த அதே 2020 ஜூலையில் யூட்யூப் மீது வழக்கும் போட்டார். நகல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவி பெரிய உரிமையாளர்களுக்கு மட்டும் கிடைக்கிறது, என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்கு இல்லை என்பது வாதம். 2023 ஜூனில், விசாரணை தொடங்கும் தருவாயில், வழக்கு முடிவுக்கு வந்தது.

ஆக, ரசிகனிடம் நேரடியாகப் போனதால் இடைத்தரகர் ஒழிந்துவிடவில்லை. பழையவர் வாசலில் நின்று உள்ளே விடமாட்டேன் என்றார். புதியவர் வாசலையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த வித்தியாசத்தைப் பத்து கட்டுரைகளைவிடத் துல்லியமாக முதல் தட்டு சொல்கிறது.

இரண்டாவது தட்டில்தான் எனக்கு மனத்தாங்கல். கியோட்டோ அருகே உள்ள சன்சென்-இன் கோயில் தோட்டத்தைப் பற்றிய படைப்பில் கேரி வெர்சாச்சேவின் அக்கார்டியன் மூச்சு விடுகிறது. 'புளூபேர்ட்' உண்மையிலேயே சிறகடிக்கிறது. எல்லாம் அழகு. ஆனால் இந்த அழகை ஷ்னைடரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். ரசிகர் பணத்தில் இயங்கும் கலைக்கு உள்ள ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். நிறுவனம் போட்ட விலங்கு கண்ணுக்குத் தெரியும். அன்பு போடும் விலங்கு தெரியாது. போன தடவை எது பிடித்ததோ அதற்காகத்தான் சந்தா கட்டுகிறோம். கலைஞருக்கும் அது தெரியும். அந்தக் கண்களுக்கு முன்னால் முதல் தட்டைப் போல இருட்டான ஒன்றை வைக்க, நிறுவனத்தை எதிர்ப்பதைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும். ஷ்னைடருக்கு அது இருந்தது. இரண்டாவது தட்டில் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்வேன்.

அதைவிட, டிஜிட்டல் ஒரு தட்டு, இயற்கை ஒரு தட்டு என்கிற பாகப்பிரிவினையே எனக்கு ஒட்டவில்லை. அந்த அக்கார்டியன் என் காதுக்கு வந்ததும் வலைத்தளம், சர்வர், கடன் அட்டை வழியாகத்தானே? ஆர்ட்டிஸ்ட்ஷேரும் மென்பொருள்தானே? ஒரு நிரலாளர் எழுதிய தளம் இல்லாவிட்டால் இந்த 18 பேர் ஸ்டுடியோவுக்குள் போயிருப்பார்களா என்பதே சந்தேகம். ஆட்களை விற்கும் இணையம், ஆட்களைச் சேர்க்கும் இணையம் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கம்பி. ஆல்பத்தின் சட்டகத்தில் இரண்டாவதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆனால் இசை அந்த இடத்தைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறது. முதல் தட்டின் மூன்றாவது படைப்பு: 'சிக்யூ சிக்யூ, இஸ் எனிபடி தேர்?'. அமெச்சூர் வானொலிக்காரர்கள் வானலையில் பொதுவாகக் கூப்பிடும் குறி சிக்யூ. மோர்ஸில் டா-டி-டா-டி, டா-டா-டி-டா. யாராக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டால் பதில் சொல்லுங்கள் என்று அர்த்தம். மோர்ஸ் தாளங்களிலிருந்தே ஷ்னைடர் இந்தப் படைப்பைக் கட்டுகிறார். டானி மெக்காஸ்லினின் டெனர் சாக்ஸஃபோன் கூப்பிடுகிறது, காத்திருக்கிறது, மறுபடி கூப்பிடுகிறது. மின்னணு விளைவுகள் பூசிய கிரெக் கிஸ்பர்ட்டின் டிரம்பெட் எதிர்க்குரல் கொடுக்கிறது. பதில் சொல்வது மனிதனா, மனிதக் குரலைக் கற்றுக்கொண்ட இயந்திரமா? எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிறது.

டிஜிட்டல் தட்டில் இருந்தாலும் இது டிஜிட்டலுக்கு எதிரான படைப்பு இல்லை. வானொலியும் தொழில்நுட்பம்தான். ஒருவர் சும்மா காற்றில் கூப்பிட, எங்கிருந்தோ இன்னொருவர் பதில் சொல்லும் தொழில்நுட்பம். நிறுவனம் இல்லாமல் ஆல்பம் போடும் ஒவ்வொரு கலைஞரும் செய்வது இதைத்தான். 2004இல் ஷ்னைடர் செய்ததும் இதுதான். தன் கதையைத் தான் திட்டிக்கொண்டிருக்கும் தட்டிலேயே வைத்துவிட்டார். தெரிந்தா, தெரியாமலா என்பது முக்கியமில்லை.

சரி, கூப்பிடுவதற்கான இடங்கள் நிலைக்குமா? கலைஞர்கள் பலர் நம்பிய பிளெட்ஜ்மியூசிக் 2019இல் கவிழ்ந்தது, அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தோடு. பேண்ட்கேம்ப் 2022இல் எபிக் கேம்ஸ் கைக்குப் போய், 2023இல் சாங்டிரேடருக்கு விற்கப்பட்டது. ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வேலை போயிற்று. நேரடி உறவு நடக்கும் சந்தையே ஒருநாள் சரக்காகிவிடலாம். ஆர்ட்டிஸ்ட்ஷேர் சின்னதாகவே இருந்துகொண்டது. வளர்ச்சி விகிதம் கேட்கும் என் துறையில் அதற்குத் தோல்வி என்று பெயர். ஆனால் 'டேட்டா லார்ட்ஸ்' இரண்டு கிராமி வாங்கியதும், 2021 புலிட்சர் இறுதிச் சுற்றுக்கு வந்ததும் அந்தச் சின்ன இடத்திலிருந்துதான்.

இந்தக் கட்டுரையின் நடுவில் முழு ஆல்பத்துக்கும் சுட்டி கொடுத்திருந்தால் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். தர முடியாது. ஷ்னைடர் தன் ஆர்ட்டிஸ்ட்ஷேர் ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்குக்குத் தருவதில்லை. காசு கொடுத்துத்தான் கேட்கணும். டாலர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் சுருக்கென்று இருக்கும், குறிப்பாக மாணவர்களுக்கு. இந்த வேலி பலரை வெளியே நிறுத்துகிறது என்ற புகார் நியாயமானது. கலைஞரின் சுதந்திரத்துக்கான விலையில் ஒரு பகுதியைக் கேட்க முடியாமல் போகிறவரும் கட்டுகிறார்.

இருந்தாலும் ஒன்று சொல்லணும். ஸ்ட்ரீமிங் செயலிக்கு நான் யார், எத்தனை மணிக்கு எதைக் கேட்கிறேன் என்று தெரியும், பாடியவருக்குத் தெரியாது. அவருக்குப் போய்ச் சேர்வது ஒரு எண். நேரடியாக வாங்கினால் அவர் பட்டியலில் ஒரு பெயர் ஏறுகிறது. வானொலியிலும் அப்படித்தான் விதி: சிக்யூ கேட்டுப் பதில் சொல்கிறவர் முதலில் தன் அழைப்புக்குறியைச் சொல்லவேண்டும். யாரென்று சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் கூப்பிட்டவருக்கு, அலையில் யாருமே இல்லை என்றுதான் அர்த்தம்.