ஒரு கிலோ கூட்டிக் கேட்பது

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு என எந்தத் திருவிழாவானாலும் பளுதூக்குதல் ஒளிபரப்பாகும்போது திரையின் ஓரத்தில் ஓர் எண் அடிக்கடி மாறும். 112 என்று இருந்தது 114 ஆகும். மேடைக்கு வரவேண்டியவர் வரமாட்டார், இன்னொருவர் வருவார். ரசிகர்களில் பாதிப்பேர் இதை இடைவேளை என்று நினைத்து எழுந்து போகிறார்கள். மீதிப்பேர் ‘பயந்துவிட்டார்’ என்றோ, ‘தலைக்கனம்’ என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தவறான வாசிப்பு. பளுதூக்குதலில் தூக்குவது பாதி ஆட்டம். எவ்வளவு கேட்பது, எப்போது கேட்பது என்பது மறுபாதி. அந்த மறுபாதி நடப்பதெல்லாம் எண் மாறும் அந்தச் சில நொடிகளில்தான்.

விதிகள் சிக்கலானவை அல்ல. பாரை ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் மூன்று முயற்சி, முதலில் தோளுக்குக் கொண்டுவந்து (கிளீன்) பிறகு தலைக்குமேல் உயர்த்தும் (ஜெர்க்) கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சி. இரண்டிலும் கிடைத்த சிறந்த எடைகளின் கூட்டுத்தொகைக்கே பதக்கம். மூன்று முயற்சியிலும் ஒன்றுகூடத் தேறாவிட்டால் கணக்கில் மொத்தமே இருக்காது; ஆள் வெளியே. பாரில் குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்குவார். ஏறிய எடை இறங்காது. ஒருவர் வெற்றிகரமாகத் தூக்கியதும் அவருடைய அடுத்த எடை தானாக ஒரு கிலோ ஏறும். அதற்குமேல் எவ்வளவு வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் மேடைக்குப் பின்னால் சொல்லவேண்டும். சொன்ன எடையை ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு தடவை மாற்றிக்கொள்ளலாம். பெயர் அழைக்கப்பட்டு கடிகாரம் ஓடத் தொடங்கினால் ஒரு நிமிடம். அதில் 30 நொடி மிச்சமிருக்கும்போது பஸர் ஒலிக்கும். அதற்குப் பிறகு மாற்றமுடியாது.

இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் இது ஏலம் மாதிரி நடக்கும் ஆட்டம் என்பது புரியும். கேட்பு ஏறத்தான் செய்யும், அடுத்தவர் கேட்பைப் பார்த்துத்தான் தன் கேட்பை வைக்கமுடியும், கடைசியாகக் கேட்கும் உரிமை யாருக்கோ அவருக்கே அனுகூலம்.

ஓர் ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்கலாம். பெண்கள் பிரிவு, தங்கத்துக்கு இருவர் மோதுகிறார்கள். ஒருவர் ஸ்நாட்ச்சில் 92 தூக்கியவர். மற்றவர் 88, நான்கு கிலோ பின்தங்கியிருக்கிறார். ஆனால் கிளீன் அண்ட் ஜெர்க்கில் இவருடைய கை ஓங்கியது. ரசிகர்கள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது எப்போதும் இந்த இரண்டாமவரைத்தான்.

முன்னணியில் இருப்பவர் 106 தூக்குகிறார்: மொத்தம் 198. பின்தங்கியவர் 108 தூக்குகிறார்: மொத்தம் 196. முன்னவர் அடுத்து 109 கேட்டிருக்கிறார். பின்னவருடைய பயிற்சியாளர் 112 என்கிறார். முன்னவர் 109-ஐத் தூக்கிவிட, அவருடைய மொத்தம் 201. இப்போது 112 தூக்கினாலும் பின்னவருக்கு 200தான் வரும். 113 தூக்கினால் 201, சமம். ஆனால் சமமானால் அந்த மொத்தத்தை முதலில் எட்டியவரே முன்னால். ஆகவே 114 வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் வெள்ளிதான்.

முன்னவருடைய கடைசி முயற்சி தானாக 110-இல் நிற்கிறது. அப்படியே விட்டால் மூச்சு வாங்கியபடி அவரே மறுபடி வந்து தூக்கவேண்டும். அவருடைய பயிற்சியாளர் 113 கேட்கிறார். இதனால் 112-இல் இருக்கும் பின்னவர் முதலில் அழைக்கப்படுகிறார். முன்னவருக்கு ஓய்வு கிடைத்தது என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில், பஸருக்கு முன்பாக, பின்னவருடைய பயிற்சியாளர் 112-ஐ 114 ஆக்குகிறார். அவ்வளவுதான். 113 இப்போது குறைந்த எடை. போதிய ஓய்வு இல்லாமல் முன்னவரே மேடையேற வேண்டியிருக்கிறது. கிளீன் வந்துவிடுகிறது, ஜெர்க்கில் முழங்கை மடிகிறது, சிவப்பு விளக்கு. பின்னவர் கையில் இன்னும் இரண்டு முயற்சிகள். 114 தூக்கினால் 202, தங்கம்.

தொலைக்காட்சியில் இது எப்படித் தெரியும்? மேடையில் பணியாளர்கள் பாரின் இரு பக்கமும் குனிந்து சின்னத் தட்டுகளை மாற்றுகிறார்கள். பெண்களுக்கான பார் 15 கிலோ, தட்டுகளைப் பிடித்துவைக்கும் இரண்டு காலர்களும் சேர்ந்து 5 கிலோ. 112 என்றால் பக்கத்துக்கு ஒரு 25 கிலோ சிவப்பு, ஒரு 20 கிலோ நீலம், ஒரு கிலோ பச்சைத் தட்டு. 114 என்றால் அந்தப் பச்சை போய் 2 கிலோ நீலச் சிறு தட்டு வரும். இடையில் வந்த 113-க்கு ஒன்றரை கிலோ மஞ்சள். தங்கம் கைமாறியது இந்தப் பச்சை, மஞ்சள், நீலத்தில்தான். கேமராவோ அந்த நேரத்தில் கூட்டத்தில் கொடி அசைப்பவர்களைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிச் செய்த பின்னவரைப் பற்றி ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததுதான். 112 என்று சொல்லிவிட்டு அழைத்ததும் வராமல் எண்ணை மாற்றினார், மனத்தில் உறுதி இல்லை என்பார்கள். உண்மையில் அங்கே உறுதி குலைந்தது எதிரிக்கு. எடை மாற்றம் எதிரியின் ஓய்வைத் திருடும் ஆயுதம். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் இதே தந்திரத்தைத் தங்கள் நாட்டவர் செய்தால் ‘மூளை’ என்று பாராட்டத் தயங்குவதில்லை.

வார்ம்-அப் அறையைத் திரை காட்டாததும் இந்தத் தவறான வாசிப்புக்கு ஒரு காரணம். மேடையில் எத்தனை முயற்சிகள் நடந்தபின் தன் வீராங்கனையின் முறை வரும் என்று பயிற்சியாளர் எண்ணிக்கொண்டே இருப்பார். அந்தக் கணக்கை வைத்துத்தான் உள்ளே ஒவ்வோர் எடையும் ஏறும். வெளியே இரண்டு பேர் சேர்ந்தாற்போல எடையைக் கூட்டினால், பத்து நிமிடம் கழித்து வரவேண்டிய முறை மூன்று நிமிடத்தில் வந்துவிடும். உடம்பு தயாராகாமலே மேடையேற நேரும். யாரும் கூட்டாமல் குறைந்த எடையிலேயே முயற்சிகள் நீண்டால், சூடேறிய உடம்பு ஆறிப்போகும். மேடையில் ஒருவர் ‘சும்மா’ தவறவிட்டதாகத் தெரியும் பல முயற்சிகள் இந்த அறையில் கால்மணி நேரத்துக்கு முன்பே தவறியவை.

இரண்டாவது தவறான வாசிப்பு, தோற்ற மூன்றாவது முயற்சியைப் பற்றியது. ஆறு முயற்சியில் ஆறும் வெற்றி என்றால் கைதட்டல். கடைசி முயற்சியில் பார் பின்னால் விழுந்தால் ‘அழுத்தத்தில் சரிந்தார்’ என்ற வர்ணனை. தோற்ற முயற்சி ஏற்கெனவே பெற்ற மொத்தத்தில் ஒரு கிராமையும் குறைக்காது. வெள்ளி உறுதியான பிறகு தங்கத்துக்கான எடையைக் கேட்டுத் தவறவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை. மாறாக, ஆறுக்கு ஆறு எடுத்து வெள்ளியோடு இறங்கியவர் ஏழெட்டுக் கிலோவை மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆறு வெள்ளை விளக்கு வரிசையைவிட ஐந்தாவதும் ஆறாவதும் எதற்காகக் கேட்கப்பட்டன என்பதே ஆட்டத்தின் தரத்தைச் சொல்லும்.

சிக்கலான நிலை ஒன்று உண்டு. கையில் வெண்கலம், ஒரு கிலோ கூட்டினால் வெள்ளி, நான்கு கிலோ கூட்டினால் தங்கம், மிச்சம் ஒரே முயற்சி. பெரும்பாலான வர்ணனையாளர்கள் வெள்ளிக் கட்சி. பயிற்சியில் ஒருமுறையாவது தலைக்குமேல் நிறுத்திய எடை என்றால் தங்கத்துக்குத்தான் கேட்கவேண்டும் என்பது எதிர்க்கட்சி. சரியான கட்சியும் அதுவே. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மேடையில் ஒரு கிலோ மிச்சம்பிடிப்பது சிக்கனம் அல்ல.

இடைவெளிகள் எவ்வளவு சிறியவை என்பதற்கு 2000 சிட்னி சாட்சி. பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் அறிமுகமான ஆண்டு அது. 69 கிலோ பிரிவில் முதல் இருவருடைய மொத்தமும் 242.5 கிலோ, இந்தியாவுக்கு வெண்கலம் வந்த மொத்தம் 240. அன்றைய விதிப்படி 2.5 கிலோ என்பது ஒரே ஒரு படி. சமமான இருவரில் உடல் எடை குறைந்தவருக்குத் தங்கம் போனது. ஒரு கிலோ வீதம் ஏற்றும் முறை 2005-இல் வந்தது. உடல் எடையால் சமனை உடைக்கும் வழக்கம் 2016 ரியோ ஒலிம்பிக் வரை நீடித்தது. அதன்பின் முதலில் எட்டியவர் முந்துவார் என்று மாறியது. இந்த இரு மாற்றங்களும் சேர்ந்துதான் ஒரு கிலோவுக்கு இன்றைய மதிப்பைத் தந்தன. முன்பு எடைபோடும் நேரத்தில் கிடைத்த அனுகூலம் இப்போது கேட்பு வரிசையில் கிடைக்கிறது. கணக்குப் போடத் தெரிந்த பயிற்சியாளரின் மதிப்பும் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது.

மூன்றாவது தவறான வாசிப்பு, எடுக்காமல் விட்ட முயற்சியைப் பற்றியது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் ஆண்கள் 77 கிலோ பிரிவில் வேலூர்க்காரர் ஒருவர் ஸ்நாட்ச்சில் 144, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173 என மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இரண்டாமவருக்கு 312. தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சியை அவர் எடுக்கவில்லை. ‘இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கலாமே’ என்ற ஆதங்கம் ரசிகனுக்கு இயல்பு. ஆனால் ஜெயித்த பின் தூக்கும் எடை பதக்கப் பட்டியலில் ஏறாது. முதுகிலும் முழங்காலிலும் மட்டும் ஏறும். தங்கத்துக்காகக் கூட்டிக் கேட்பதும் தங்கம் வந்தபின் கேட்காமல் விடுவதும் ஒரே அறிவின் இரு முகங்கள். முன்னதைப் பாராட்டிப் பின்னதை இகழ்பவர் இரண்டையும் புரிந்துகொள்ளவில்லை.

முதல் முயற்சியிலும் இதே அறிவு வேலை செய்கிறது. தொடக்க எடையைக் குறைவாகக் கேட்பவரைத் திரையில் பார்த்து ‘ஃபார்மில் இல்லை’ என்று முடிவுகட்டுவது வழக்கம். தொடக்க எடையின் வேலை மொத்தத்தைத் திறந்துவைப்பது. அது தேறாவிட்டால் அடுத்த இரண்டும் உயிர் காக்கும் முயற்சிகளாகிவிடும். கூட்டிக் கேட்கும் சுதந்திரம் போய்விடும். முதலாவதைக் குறைத்துக் கேட்பவரால்தான் மூன்றாவதைத் துணிந்து கேட்கமுடியும்.

ஒளிபரப்பின் பங்கையும் சொல்லவேண்டும். திரையில் வீரரின் பெயர், கொடி, பாரில் இருக்கும் எடை, எத்தனையாவது முயற்சி ஆகியவை வருகின்றன. அடுத்து நிற்கும் ஐந்து பேரும் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது அரங்கத்தின் பலகையில் இருக்கிறது. வீட்டுத் திரைக்கு அது அரிதாகவே வருகிறது. எண் மாறும்போது ‘யார் மாற்றினார், எதிலிருந்து எதற்கு’ என்ற ஒரே வரி வந்தால் போதும்; பாதி ரசிகர்கள் எழுந்து போகமாட்டார்கள். சாக் பொடி பூசிய கைகளையும் துடிக்கும் கன்னத்தையும் மெதுவாக்கிக் காட்டும் நேரத்தில் இதற்கும் இடம் உண்டு.

இனி வரப்போவதைக் கணிக்கலாம். 2025-இல் எடைப்பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. ஆசிய விளையாட்டுகளிலும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் புதிய பிரிவுகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டவர்கள் மேலேயோ கீழேயோ நகர்ந்தாக வேண்டும். ஒரே பிரிவில் சம பலமுள்ளவர்கள் குவிவார்கள். ஆகவே தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையிலான தூரம் குறையும். ஒரு கிலோ, இரண்டு கிலோவில் தீரும் பிரிவுகள் கூடும். முதலில் எட்டியவருக்கே முன்னுரிமை என்பதால், ஸ்நாட்ச்சில் முன்னிலை பிடித்து எதிரியைக் கூடுதல் ஒரு கிலோவுக்குத் துரத்தவிடும் பாணி வலுப்பெறும். அதற்கு மாற்றாக, பின்தங்கியிருந்து கடைசிக் கேட்பைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஜெர்க் வல்லவர்களுக்கும் மவுசு கூடும். இந்த இரண்டில் இரண்டாவது பாணியே அதிகத் தங்கம் தரும். எதிரி எவ்வளவு தூக்கினார் என்று தெரிந்தபின் கேட்பவருக்கு அந்தத் தகவலே பாதி பலம்.

2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்தில் நடக்கவிருக்கிறது. சொந்த மண்ணில் அரங்கம் நிறையும். ஒவ்வொரு எடை மாற்றத்துக்கும் கூச்சல் எழும். அங்கே இந்திய அணிக்கு வலிமையான தோளுக்குச் சமமாக, மேடைக்குப் பின்னால் அமைதியாக நின்று எண்களைப் பார்க்கும் ஒருவர் தேவைப்படுவார். கூட்டத்தின் ஆசைக்காக எடை கேட்கும் அணி வெண்கலங்களோடு திரும்பும். எதிரியின் மொத்தத்தைப் பார்த்து எடை கேட்கும் அணி, ரசிகர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே, தங்கங்களைக் கொண்டுபோகும்.