காணி: ஆகுபெயரின் அரசியல்

நாஞ்சில் நாட்டு விவசாயி “பேச்சிப்பாறை தொறந்தாச்சா?” என்று கேட்கும்போது பாறையை நினைப்பதில்லை. பேச்சியின் பெயர் பாறைக்கு வந்து, ஊருக்காகி, திருவிதாங்கூர் அரசு 1906இல் கோதையாற்றில் கட்டிமுடித்த அணைக்காகி, இன்று கால்வாய்த் தண்ணீருக்கும் ஆகியிருக்கிறது.

ஊசிக்குக் காது வைத்தது உருவகம். அது ஒப்புமையால் வருவது. பேச்சிப்பாறை தண்ணீரானது ஆகுபெயர், தொடர்பால் வருவது. இவ்விரண்டையும் மொழியின் இரு அச்சுகளாக ரோமன் யாக்கப்சன் 1956இல் விளக்கினார். ஆகுபெயரின் வகைகளை நன்னூல் எப்போதோ அடுக்கித் தந்துவிட்டது. நாம் மனப்பாடம் செய்ததோடு சரி. பெயர் ஆகும்போது ஆட்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டதில்லை.

அணைக்கு மேலே, மலையில் வாழும் காணிக்காரர்களின் பெயரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. வயலில் ஓர் அளவு. அளவின் பெயர் நிலத்துக்கும், நிலத்தின் பெயர் அதன் மீதான உரிமைக்கும் ஆயிற்று. சோழர்காலக் கல்வெட்டுகளில் காணி பரம்பரை நிலவுரிமை. இந்த மலையிலோ அது ஆளுக்கே பெயர். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி. காணிக்காரர் என்றால் நிலத்துக்குரியவர் என்றே விளக்கம் சொல்லப்படுகிறது.

சமவெளியில் காணியாட்சி உடையவர்கள் வெள்ளையர் ஆவணங்களில் மிராசுதார் ஆனார்கள். சொல் மாறியது, நிலம் அவர்களிடமே நின்றது. மலையில் தலைகீழ். சொல் நின்றது, நிலம் ரிசர்வ் காடாகி அரசுக்குப் போனது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் காணி தன் காணிக்கே மனுப்போட வேண்டியிருக்கிறது. அரசுப் பட்டியலில் ‘காணிக்காரன்’ ஒரு பழங்குடியின் பெயர், அவ்வளவுதான். உரிமையைச் சொன்ன சொல் இப்போது சாதிச் சான்றிதழைச் சொல்கிறது. பொருட்சுருக்கம் என்று மொழிநூலார் எழுதிவிட்டுப் போகலாம். சுருங்கியது சொல் மட்டுந்தானா?

இலங்கைத் தமிழில் நிலத்துக்கு அன்றாடச் சொல் இன்றும் காணிதான். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தொட்டு ‘காணி அதிகாரம்’ பற்றிய வழக்கு ஓயவில்லை. அங்கே சொல்லும் மண்ணும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் அந்தச் சொல்லில் சண்டை இருக்கிறது.

நம் எழுத்தில் காணிக்காரர் வரும்போதெல்லாம் ‘மலைச்சாதி’ என்று ஓர் அடைப்புக்குறி போட்டுக் கடந்துவிடுகிறோம். ஆகுபெயர் வந்த வழியே திரும்பி நடந்து பார்க்கலாம்: ஆளிலிருந்து உரிமைக்கு, உரிமையிலிருந்து நிலத்துக்கு. அந்த வழியில் வேலி போட்டவர் யார் என்று அப்போது தெரியும்.